ஆகஸ்ட் பதின்மூன்று, ஆறாம் பக்கம்

ஆறாம் பக்கம், இடது ஓரம்.
மேலிருந்து கீழாக மூன்று கட்டங்கள்:
வரலாற்றில் இன்று. பிறந்தவர்கள். மைதானம்.
முப்பத்தொரு வருடமாக நான்தான் நிரப்புகிறேன்.
பாசோ லுசேரோவில் இதைவிடக் குறைந்த சம்பளம்
தேவாலயத்தில் மணியடிப்பவருக்கு மட்டும்.

ஒரு தேதிக்குள் யார்யாரோ குடியிருக்கிறார்கள்.
கீழ்வீட்டில் ஒரு போர்நிறுத்தம்.
மாடியில், சங்கிலி அறுந்தும் ஜெயித்த சைக்கிள்காரன்.
படிக்கட்டுக்கு அடியில்
எப்போதோ பிறந்த ஒரு பாடகி.
ஒரே கதவிலக்கம்,
ஒருவர் முகத்தில் ஒருவர் விழித்ததில்லை.

இந்தத் தேதிக்கு மட்டும்
கோப்பைப் புரட்ட வேண்டியதில்லை எனக்கு.

வரலாறு, 1961:
பெர்லினில் விடியுமுன் முள்கம்பி விரித்தார்கள்.
அதன் கீழே, இடம் மிஞ்சினால்:
எங்கள் ஓடையின் மரப்பாலம் சரிந்தது. உயிர்ச்சேதம் இல்லை.
மைதானம், 1961:
ரயில்வே 1, கசாப்பு ஆலை 0.
ரயில்வேக்கு முதல் கோப்பை. இன்றுவரை அது ஒன்றுதான்.

பாலமும் கோலும் ஒரே நிமிடம், மாலை நான்கு இருபது.
அதைச் சொல்லக் கட்டமில்லை.

பாலம் முறிந்தது
கிடங்கு முழுக்க எலும்பை ஒரே வெட்டில் பிளந்தது போல என்பார்கள்.
ஆலைக்காரர்கள். வேறு உவமை தெரியாது.
எண்ணூறு கழுத்துகள் ஓடைப் பக்கம் திரும்பின.
நடுவர் திரும்பினார்.
ஆலையின் கோல்கீப்பர் ஒலேகாரியோ பிந்தோஸ்
எல்லோருக்கும் முன்னால் திரும்பினார்.
இடைவேளையில் ஒரு பையன் ஓடிவந்து சொல்லியிருந்தான்:
வலி கண்டுவிட்டது, வண்டியில் ஏற்றிவிட்டோம்,
அக்கரை ஆஸ்பத்திரிக்கு.

திரும்பாதவன் ஒருவன், அன்செல்மோ விக்கே.
கொதிகலன் வெடித்ததில் இரண்டு காதும் போனவன்.
காலடியில் பந்து, எதிரே ஆளில்லாத வலை.
இவ்வளவு நல்ல ஞாயிறு தனக்கு எப்படி வாய்த்தது என்று
யோசிக்கவில்லை. உதைத்தான்.

பந்து போனதை நடுவர் பார்க்கவில்லை.
உள்ளே கிடந்ததைப் பார்த்தார்.
போதும் என்றார்.
அந்தப் ‘போதும்’ மூன்று கல்யாணங்களை நிறுத்தியது.

பிந்தோஸ் எதையும் கேட்கவில்லை,
வேலி தாண்டி ஓடிக்கொண்டிருந்தார்.

ஓடைக்கு இந்தப் பக்கமே நின்றது வண்டி.
கோந்தேசா என்ற கிழட்டு வெள்ளைக் குதிரை
முதல் பலகையில் ஒரு குளம்பை வைத்தது, எடுத்தது.
அடிக்கும் அசையவில்லை, கெஞ்சலுக்கும் அசையவில்லை.
வண்டிக்காரர் அதன் பரம்பரையைத் திட்டி முடிப்பதற்குள்
பாலம் தண்ணீரில் கிடந்தது.
அவர் தொப்பியைக் கழற்றினார்.

சோள மூட்டைகளுக்கு நடுவே பிறந்தேன்.
கம்பளிக் கையுறையைக் கழற்ற மறந்து
அப்பா என்னை வாங்கினார்.
பிந்தோஸ் கடைசியாகப் பிடித்தது அதைத்தான் என்று
மதுக்கடையில் இன்றும் சிரிக்கிறார்கள்.
பிறகு அவர் ஆடவில்லை. ஆடவிடவில்லை.
உன் மகள் அடித்த கோல், என்றார்கள்.

ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் வாசலில் பெயரில்லாத ஒரு பெட்டி,
உள்ளே பன்னிரண்டு அல்ஃபஹோர்,
மேலே ரயில்வேயின் பச்சை நாடா.
நாய்க்குப் போடு என்பார் அப்பா.
அம்மா நாடாவை மட்டும் நாய்க்குக் கட்டுவாள்.

பிறந்தவர்கள் கட்டத்தில் என்னைப் போட்டதில்லை.
ஒரு மந்திரி, ஒரு வயலின்காரர்,
ஆள் பற்றாத வருடம் ஒரு மூக்குக்கண்ணாடி வியாபாரி.
ஆனால் குதிரையைப் பற்றி ஒரு வரி
ஒன்பது முறை எழுதிப் பார்த்தேன்.
ஆசிரியர் அராம்புரு ஒன்பது முறையும் அடித்தார்:
எதையாவது செய்தவர்களுக்குத்தான் இடம், எத்தெல்வினா.
செய்யாமல் நின்றதை எல்லாம் எழுதினால்
பத்திரிகை தாங்காது.

இரவு பதினொன்றே முக்கால்.
அராம்புரு வீட்டுக்குப் போய்விட்டார்.
மாத்தே ஆறிக் கசக்கிறது.
முள்கம்பிக்கும் பாலத்துக்கும் நடுவே
ஒரு வரிக்கு இடம் இருக்கிறது.
தட்டுகிறேன்:

1961. கோந்தேசா நின்றது.