இடது பக்க ஈரம்

பதினாறு ஸ்ரீ சன்னிக்குத்
தண்ணி குறைகிறது.
கல்லடியில் புறப்படும்போது போத்தலில் மேல்கோடு வரை பச்சை.
கொக்கட்டிச்சோலை போய்ச் சேர்ந்து, இஞ்சின் ஆறித் திறந்தால்
ஒரு பிளேன்ரீக் கோப்பையளவு காணாது.

எங்கள் முற்றம் கடல்மணல்.
எதைக் குடித்தாலும் வாயைத் துடைத்துவிட்டுக் கிடக்கும்,
அதன் சாட்சியை நம்ப ஏலாது.
ஃபிரிட்ஜ் வந்த காட்போட் பெட்டியைக் கிழித்து
இரவு காருக்குக் கீழே விரித்தேன்.
விடிய அதில்
பூனையின் காலடி நாலு,
பழைய எண்ணெய்ப் பொட்டு ஒன்று.
பச்சை இல்லை.

மூன்று கிழமை நானே துப்பறிந்தேன்.
ஹோஸ் கிளிப்புகளை முறுக்கினேன்.
ரேடியேற்றர் மூடியைப் புதிதாக வாங்கினேன்.
பின்வீட்டுப் பொடியனை ஒரு நாள்
பொனட் பக்கம் நின்றதற்காகப் பார்த்த பார்வைக்கு
அவன் தாய் இன்னும் என்னோடு கதைப்பதில்லை.

காத்தான்குடி இர்பாத்
ஒயில் கம்பியை உருவி விரலில் தேய்த்தான்.
"பால் கலரில்ல. ஹெட் தப்பிச்சு."
மூடியைக் கழற்றிக் கைப்பம்பை மாட்டிக் காற்றடித்தான்.
முள் பதின்மூன்றில் ஏறி நின்றது.
தேத்தண்ணி குடித்து முடிய
பதினொன்றில் நின்றது.
"எங்கயோ போகுது டீச்சர்.
ஆனா வெளிய போகல்ல."

குனிந்து கீழே பார்த்தான். நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.
"இடது பக்கம் யாரு இருக்கிற?"

இப்ப ஒருத்தருமில்ல.

"முந்தி?"

முந்தி கோமளேஸ்வரி.
ஆரையம்பதிச் சந்தியில் ஏறுவா,
சம்பளத்தன்று பெற்றோலுக்குப் பாதி தருவா.
ஐப்பசியில் சொன்னா: கால் நனையுது.
உங்கட குடைதான், என்றேன்.
பிறகு சொன்னா: சீனிப்பாகு மணக்குது.
உங்கட பைக்குள்ள தொதல் இருக்கும், என்றேன்.
கார்த்திகை மழையில் உட்கண்ணாடி புகைந்து
மண்முனைப் பாலமே தெரியாமல் போனபோது
துணியால் துடைத்துக்கொண்டு
நான் சொன்னது:
நீங்க கதைக்கிறது கூட, அந்த மூச்சுத்தான்.

அதற்குப் பிறகு பாலம் முழுக்க அவ கதைக்கவில்லை.
மற்றக் கிழமை பஸ்.

"அவங்க ஒண்டும் சொல்லல்லயா?"
மூன்று தரம், என்று சொல்ல
வாய் வரவில்லை.

இர்பாத் காப்பெற்றை உரித்தான்.
கீழே கம்பளிச் சவ்வு.
ஒரு பிடி எடுத்துப் பிழிந்தான்.
விரலிடுக்கால் பச்சை வடிந்தது,
வழவழவென்று, இனிக்க மணந்துகொண்டு.

"ஹீற்றர்."

டாஷ்போட்டுக்குப் பின்னால் புத்தகமளவில்
இன்னொரு ரேடியேற்றராம்.
பனி விழுகிற ஊரில் பிறந்த வண்டி
கூடவே கொண்டுவந்த கணப்புச்சட்டி.
சித்திரையில் சீற்றுத் தொடையைச் சுடுகிற மட்டக்களப்பில்
அந்தச் சிவப்புப் பிடியை யார் தள்ளினார்கள்?
வால்வு துருப்பிடித்து அரைவாசி திறந்தபடியே நிற்க,
யாரும் கேளாத சூட்டைச் சுமந்து
கொதிதண்ணி அதற்குள் போய்ப் போய் வந்திருக்கிறது
முப்பத்தைந்து வருடமாக.

"நமக்கு வேணாத சாமான். வெட்டி விடுவம்."
இரண்டு ஹோஸையும் அறுத்து
ஒன்றை ஒன்றோடு வளைத்துக் கோத்தான்.
கூலி ஆயிரத்து ஐந்நூறு.
சவ்வு காய மூன்று நாளாகும் என்றான்,
கதவைத் திறந்து வையுங்க, நாய் ஏறாமப் பாத்துக்கங்க.

இரண்டாம் நாள் மழை விட்ட காலை
தண்ணி கோட்டிலேயே நின்றது.
ஆரையம்பதிச் சந்தியில் பஸ் இன்னும் வரவில்லை.
எட்டி இடது கதவைத் திறந்தேன்.
சொல்ல வேண்டியதை வழி நெடுகச் சொல்லிப் பார்த்திருந்தேன்.
வந்தது: "ஹீற்றராம்."

அவ என் முகத்தைப் பார்க்கவில்லை.
செருப்பு நுனியால் காப்பெற்றைத் தொட்டுப் பார்த்தா.
"இன்னும் ஈரம்."
"ஓம்."
குடையை உதறி, வேண்டுமென்றே மெதுவாக உதறி,
பின்சீற்றில் போட்டா. ஏறினா.

மண்முனைப் பாலம் வந்ததும்
கோமளேஸ்வரி முன்னால் சாய்ந்து
கண்ணாடியில் ஹா என்று ஊதினா.
உள்ளங்கையளவு புகை.
பாலம் முடியமுன் அது போய்விட்டது.
"பாத்தீங்களா," என்றா.
பிறகு பள்ளிக்கூடம் வரைக்கும்
வாய் ஓயவில்லை.