வலது காது

மலர்வளையத்தில் ‘ஹவில்தார் சேவுகன்’ என்று எழுதியிருந்தார்கள்.
அவர் நாயக்.
காரைக்குடியிலிருந்து வந்த முன்னாள் படைவீரர் சங்கத்தார் நால்வர்
வேனை விட்டு இறங்கி, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு,
ஒரு சல்யூட்டோடு
அந்தப் பதவி உயர்வை அவர் காலடியில் வைத்தார்கள்.
பார்த்திருந்தால் சிரித்திருப்பார்.
கணக்குப் பிசகினால் அவருக்குச் சிரிப்புத்தான் வரும்,
என் பில்லில் தவிர.

புதுவயல் ஆலைத்தெரு முக்கில் மருந்துக்கடை என்னுடையது.
கல்லாவில் உமி படியும்; துடைப்பேன்; படியும்.
ஒன்றாம் தேதி பென்ஷன், இரண்டாம் தேதி காலையில் அவர்.
எனக்கு இருபத்தேழு வயது; ‘ஆத்தா’ என்பார்.
கொப்பாத்தாளுக்கு முப்பது நாளைக்கும் முழுசாக,
தனக்குப் பாதி.
‘பிரஷர் மாத்திரைய ஒருநாள் விட்டு ஒருநாள் போடக் கூடாதுங்கய்யா.’
கேட்காத காதை என் பக்கம் திருப்பிக்கொள்வார்.

அந்தக் காது எழுபத்தொன்று டிசம்பரில் போனது.
கிழக்கே ஏதோ ஒரு வாழைத்தோப்பு.
ஊர்ப் பெயரைச் சொன்னார்; என் வாயில் நிற்கவில்லை.
எத்தனை பேரச் சுட்டீங்க என்று கடைப் பையன் கேட்டான்.
‘ஒயர் இழுத்தேன்’ என்றார்.
முதுகில் சுருள். குனிந்த நடை.
அறுந்த இடம் தேடி இருட்டில் விரலால் தடவிப் போவது.
‘அந்த முனையில ஒருத்தன் பேசணும்,
இந்த முனையில ஒருத்தனுக்குக் கேக்கணும்.
அம்புட்டுத்தேன் நான் பாத்த சண்டை.’
குண்டு இடப்பக்கம் விழுந்தது.
லைன் அறவில்லை என்பதைத்தான் இரண்டு முறை சொன்னார்.

தாலி ஏறிய பின் பெண்டாட்டி இடப்பக்கம் நிற்க வேண்டும் என்பார்கள்.
கொப்பாத்தாள் நிற்கவில்லை.
பஸ்ஸில், கண்டனூர் ரயிலடியில், சாக்கோட்டைக் கோயில் வரிசையில்
எங்கும் வலப்பக்கம்.
சண்டை போடும்போது மட்டும்
சுற்றிப் போய் இடப்பக்கம் நின்று திட்டுவாளாம்.
‘அவளுக்கும் பாரம் எறங்கும், எனக்கும் கேக்காது.’

ஆறு வருஷம் முன்பு, ஒரே காலையில்,
அவள் சொற்கள் எல்லாம் போயின.
‘இந்தா’ மட்டும் மிஞ்சியது.
காரைக்குடியில் ஏடிஎம் வாசலில் காவல் இருந்தவர்
தொப்பியை நாற்காலியில் வைத்துவிட்டு வந்தார்.
திரும்பப் போகவில்லை.
தண்ணீர் வேண்டும், இந்தா. இடுப்பு வலி, இந்தா.
துணி நனையுது மழையில், இந்தா.
இழுத்துச் சொன்னால் ஒன்று, மூச்சோடு சொன்னால் ஒன்று.
எனக்கு எல்லாம் ஒன்றாகத்தான் கேட்டது.
அவர் எழுந்து போய்
சரியாக அந்த ஜன்னலைத்தான் சாத்துவார்.

ஒருமுறை கேட்டேன், ராத்திரியில் கூப்பிட்டால் என்ன செய்வீங்க?
முன்பெல்லாம் நல்ல காதைத் தலையணையில் புதைத்துத்தான் தூக்கமாம்;
ஊர் முழுக்க அணைந்துவிடும், சுகம்.
இப்போது செவிட்டுக் காதைக் கீழே கொடுத்து
நல்லதை மேலே வைத்துப் படுக்கிறாராம்.
சில்லறையை எண்ணிக்கொண்டே சொன்னார்.
இரண்டு ரூபாய் நான் தர வேண்டியிருந்தது.

அன்றைக்கு அவளைத் தூக்கி வந்து
உடலுக்கு இடப்பக்கம் உட்கார வைத்தார்கள்.
வலப்பக்கம் மலர்வளையம், அதனால்.
அழவில்லை அவள்.
வராத காலை ஒரு கையால் இழுத்துக்கொண்டு
தலைமாட்டைச் சுற்றி நகரத் தொடங்கினாள்.
பித்துப் பிடித்துவிட்டதென்று யாரோ தோளைப் பிடித்தார்கள்.
விடுங்க என்று கத்தினேன்.
நானா கத்தினேன் என்று இன்னும் சந்தேகம்.
வளையத்தை முழங்கையால் தள்ளிவிட்டு
வலது காதருகே குனிந்து
ஒரு முறை சொன்னாள்.
தாரை அடிப்பவன் குச்சியைக் கீழே இறக்கினான்.

மாத்திரையை இப்போது நானே கொண்டுபோகிறேன்.
திருப்பூர் மகள் வந்து கூட இருக்கிறாள்.
நேற்று என்னைப் பார்த்து ‘இந்தா’ என்றாள்.
தண்ணீர் கொடுத்தேன், வாங்கவில்லை.
ஃபேனை நிறுத்தினேன். போர்வையை இழுத்துவிட்டேன்.
மறுபடி, ‘இந்தா’.
எந்தப் பக்கம் நிற்கிறேன் என்று பார்த்து
இடம் மாறி நின்றேன்.