பதினான்காம் முனை

பைசாந்தூ பால் தொழிற்சாலையின் பின்கட்டில்
ஒரு குளிர்நீர் இயந்திரம்.
பன்னிரண்டு டிகிரியில் உள்ளே போகும் தண்ணீர்
ஏழு டிகிரியில் வெளியே வரவேண்டும்.
பாலைச் சுண்டக் காய்ச்சிய கொப்பரைகள்
அந்த ஏழுக்காகக் காத்திருக்கும்.

ஏப்ரலிலிருந்து, மாதம் நான்கைந்து தரம்,
'நீரோட்டம் இல்லை' என்று திரையில் எழுதிவிட்டு
நின்றுவிடுகிறது.
குழாயில் காதை வைத்தால்
தண்ணீர் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

காவலாளி எல்பியோ போன் செய்வார்.
எழுபது கிலோமீட்டர், சோளக்காட்டு இருட்டில்.
நான் போய் இறங்குவதற்குள்
அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்,
வைத்தியரைக் கண்டதும்
வலியை மறந்துபோகும் நோயாளி மாதிரி.
எல்பியோ தலையைச் சொறிவார்:
"சத்தியமாக நின்றிருந்தது, மாபெல்."
அவர் பொய் சொல்லவில்லை.
அதுவும்தான்.

முதலில் வடிகட்டியைக் கழற்றினேன். சுத்தம்.
ஓட்டத்தை உணரும் துடுப்பு விசையை மாற்றினேன்.
ஒன்பது நாள் நிம்மதி. பிறகு வியாழன், விடிகாலை மூன்றே கால்.
பம்பின் முத்திரையை மாற்றினேன்.
மின்பலகையைச் சந்தேகித்தேன்;
ஆயிரத்து நூறு டாலர்,
முதலாளி தால்மாவ் கையெழுத்துப் போடும்போது
பேனாவை இரண்டு தரம் உதறினார்.
பதினாறு நாள்.

ஓடாத இயந்திரம் எளிது.
இருக்கிற குறை உட்கார்ந்த இடத்திலேயே இருக்கும்.
வந்துவந்து போகிற குறைக்கு
நேரம்தான் இடம்.
அதனால் நேரங்களை எழுதி ஒட்டினேன்:
எல்லாம் இரவு. எல்லாம் குளிர்.
எல்லாம், இரண்டாவது கம்ப்ரசர்
உறுமிக்கொண்டு சேர்ந்துகொள்ளும் அந்த நொடியில்.

ஜூலையில் ஒரு ராத்திரி
பலகைக்கு முன்னால் கவிழ்த்த வாளியில் உட்கார்ந்தேன்.
எல்பியோவின் மாத்தே கைமாறிக்கொண்டே இருந்தது.
மீட்டரில் இருபத்து நான்கு வோல்ட். இருபத்து நான்கு. இருபத்து நான்கு.
கம்ப்ரசர் சேர்ந்தது, தகரம் அதிர்ந்தது.
இருபத்து நான்கு.
மூன்று மணிக்குத் தூக்கம் வந்தது;
தூங்கிவிடாமலிருக்க, ஒரு வேலையாக,
ஒவ்வொரு கம்பியாகப் பிடித்து
மெல்ல இழுத்துப் பார்த்தேன்,
ஆடும் பல்லைத் தேடும் நாக்குபோல.

பதினான்காம் முனை. கம்பி கையோடு வந்துவிட்டது.

திருகு இறுக்கமாகத்தான் இருந்தது.
ஆனால் அது கடித்துக்கொண்டிருந்தது
செம்பை அல்ல, மேலுறையை.
செம்பு ஒரு மயிரளவுக்கு
உலோகத்தை உரசிக்கொண்டு நின்றிருக்கிறது,
மூன்று வருடம்.
குளிரில் சுருங்கி, அதிர்வில் விலகி,
மறுபடி தொட்டு.

உறையை நாலு மில்லிமீட்டர் சீவினேன்,
நுழைத்தேன், முறுக்கினேன்.
ஒரு நிமிட வேலை.

கம்பியின் கழுத்தில் ஒரு காகிதப் பட்டை: 14.
அந்த நாலு, தலை திறந்த நாலு.
நான்தான் நாலை மூடாமல் எழுதுவேன்.
இயந்திரத்தை இங்கே நிறுவிய வாரம்
மழை பெய்துகொண்டிருந்தது,
மாலைக்குள் முடிக்கச் சொன்னார்கள்.

எல்பியோ டார்ச்சைப் பிடித்தபடி கேட்டார்:
"கண்டுபிடித்தாயா?"
"கண்டுபிடித்தேன்."
"என்ன?"
"ஒரு கம்பி."

அறிக்கையில் எழுதினேன்:
முனை 14-இல் இணைப்பு தளர்ந்திருந்தது. சரிசெய்யப்பட்டது.
தளர்ந்திருந்தது. சரிசெய்யப்பட்டது.
ஆளே இல்லாத இரண்டு வினைகள்.
கீழே என் பெயர், சரிசெய்தவள் என்ற இடத்தில்.

சரியாகிவிட்டது என்று யாராலும் நிரூபிக்க முடியாது.
இன்னும் நிற்கவில்லை, அவ்வளவுதான் சொல்லலாம்.
இருபது நாள். முப்பத்தொன்று.
தால்மாவ் ஒரு பெட்டி இனிப்புப்பால் அனுப்பியிருக்கிறார்,
மூடியில் 'நன்றி' என்று.
திறக்கவில்லை.

போன் அடிப்பதில்லை.
மூன்றே காலுக்கு நானாகவே விழிக்கிறேன்.
எதுவோ நின்றதுபோல் இருக்கிறது.
எழுந்து விளக்கைப் போடுவதற்குள்
எல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறது.