நாலாம் சிலிண்டர்

ஹீற்றரைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள்,
வைகாசி, பகல் ஒன்றரை மணி,
முல்லைத்தீவிலிருந்து மாங்குளம்வரை.
கூரையில்லாத கார். புருவத்தில் செம்புழுதி.
அப்படிப் போட்டால்தான் முள் கொஞ்சம் இறங்குதாம்.
உண்மைதான்.
எஞ்சினின் காய்ச்சலைத் தன் முழங்காலில் வாங்கிக்கொண்டு
ஓட்டி வந்திருக்கிறாள்.

பெயர் பெனடிக்ரா. நில அளவைத் திணைக்களம்.
கார் அறுபத்தெட்டாம் ஆண்டு எம்ஜி மிட்ஜெற்.
நுவரெலியாவில் ஒரு தோட்டத்து ஷெட்டில்
பின்சீற் இருக்கவேண்டிய பள்ளத்தில்
கோழி அடைகிடந்ததாம், வாங்கப் போன அன்று.
எனக்கு வருவதெல்லாம் லான்ட் மாஸ்ரர்,
திறீவீலர், நெல்லு வெட்டும் மெசின்.
இதற்குக் குனிந்து சரிவரவில்லை.
குந்தினேன்.

தேமோஸ்ராற்றைக் கழற்றித்
தேத்தண்ணிக் கேத்திலில் போட்டுக் கொதிக்க வைத்தேன்.
நேரத்துக்கு வாய் திறந்தது. அதில் பிழையில்லை.
(அன்றைக்குத் தேத்தண்ணி யாரும் கேட்கவில்லை.)
ரேடியேற்றரை இறக்கிக் கழுவினேன்.
பெல்ற்றை இறுக்கினேன். மூடிக்கு வாசர் மாற்றினேன்.
ரைமிங்கை ஒரு நூல் முன்னுக்குத் தள்ளினேன்.
ஒட்டுசுட்டான் ரோட்டில் ஓடிப் பார்த்தோம்:
ஒலுமடு கழிய முன்னம்
முள் திரும்பவும் சிவப்பில்.

பாலை மரத்துக்குக் கீழே நாற்பது நிமிசம்.
கொதிக்கிற மூடியில் கை வைக்கக்கூடாது,
பேசாமல் இருக்கவேணும்.
அவள் அளவைக் குடையை விரித்துப் பிடித்தாள்,
தனக்கில்லை, பொனற்றுக்கு.
யானை இறங்குகிற நேரமாகிவிட்டது என்றேன்.
'யானைக்கும் இது ஆனைக்குட்டி மாதிரித்தான் தெரியும்' என்றாள்.
நான் சிரிக்கவில்லை. பிறகு, வீட்டில், சிரித்தேன்.

இரண்டாம் நாள்தான் புத்தி வந்தது.
புளொக்கின் பின்பக்கம், நாலாம் சிலிண்டரடியில்,
ஆரும் தொடாத ஒரு சின்னத் திறப்பு.
திறந்தேன்.
ஒரு சொட்டும் வரவில்லை.
நிறையத் தண்ணி விட்ட எஞ்சின்,
அடியில் திறந்தால் வறண்ட வாய்.

சைக்கிள் கம்பியை விட்டுக் குத்தினேன்.
முதலில் மண்ணிறம். அது மலைநாட்டுத் துரு.
பிறகு வெள்ளை, தயிர் கட்டின மாதிரி.
அது எங்களுடையது.
'எந்தத் தண்ணி ஊத்தினீங்கள்?'
'முள்ளியவளைக் குவாட்டர்ஸ் கிணறு.
நான் குடிக்கிறதும் அதுதானே.'

ரயரில் குந்தியிருந்த தம்பி அப்போதுதான் எழும்பி வந்தான்.
குகதாசன். முப்பத்தெட்டு வயது.
செவ்வாயும் வெள்ளியும் ஐந்து பத்து பஸ்ஸில் வவுனியா,
நாலு மணித்தியாலம் மெசினில் ரத்தம் கழுவி வருவான்.
தண்ணியா, வயலுக்கு அடித்த மருந்தா, வெயிலா,
டொக்டர்மார் ஒருவரும் உறுதியாய்ச் சொல்லவில்லை.
ஒன்றை மட்டும் எழுதித் தந்திருக்கினம்:
நாளொன்றுக்கு அரை லீற்றர்.

வெள்ளைச் சேற்றை விரலில் எடுத்துப் பார்த்தான்,
மணந்தான், காற்சட்டையில் துடைத்தான்.
ஒன்றும் சொல்லவில்லை.

லெமன் சோல்ட் கரைத்து விட்டேன். கழுவினேன். திரும்ப விட்டேன்.
ஹோஸ் பைப் இரண்டு மணித்தியாலம் ஓடியது,
தெளிந்த தண்ணி வரும்வரைக்கும்.
வாசலெல்லாம் ஈரம்.
'அதுக்கு ஒரு கணக்கும் இல்லையோ?' என்றான் தம்பி.
சிரித்துக்கொண்டுதான் கேட்டான்.
நான் பைப்பை மூடவில்லை.
மூடவும் ஏலாது, வேலை பாதியில்.

முள் இப்போது நடுவில் நிற்கிறது.
பெனடிக்ரா ஹீற்றரை நிற்பாட்டிவிட்டு,
கால் குளிருது என்று பொய் சொல்லிப் போனாள்.
இனிக் கிணற்றுத் தண்ணி விடவேண்டாம் என்றேன்,
வடித்த தண்ணிதான். சந்திக் கடையில்
ஐந்து லீற்றர்க் கான்கள் இரண்டு வாங்கி வந்தாள்.
காருக்கு ஒன்று காணும்.

மற்றது வேலைமேசைக்குக் கீழே, மூடி உடைக்காமல்.
ஆருக்கென்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.
தம்பி தன் அரை லீற்றர்ப் போத்தலை
அதற்குப் பக்கத்தில் வைத்துவிட்டு
எவ்வளவு உயரம் என்று பார்க்கிறான்.