ஈர்க்குச்சி

அப்பா வாயில் எப்போதும் ஒரு தென்னை ஈர்க்குச்சி.
பல் குத்த அல்ல.
அது உதட்டோரம் இருக்கும்வரை
தாடை சொன்னபடி கேட்கும்.
எடுத்தால்
உள்ளிருந்து யாரோ கொக்கி போட்டு இழுத்ததுபோல்
வாய் பிளந்து நிற்கும்,
கழுத்து இடத்தோளைத் தேடி ஓடும்.

ரோக்சாஸ் துறையில்
அவர் ட்ரைசைக்கிளில் ஏறும் சிப்பிக்காரிகள்
"புளோரென்சியோ சிரிக்கவே மாட்டேன்கிறாரே" என்பார்கள்.
சிரித்தால் குச்சி விழுந்துவிடும்.

எங்கள் தீவில் இதற்கு லூபாக் என்று பெயர்.
முறுக்கு.
துவைத்த சட்டையைப் பிழிவோமே, அந்த முறுக்கு.
பெரியப்பா அனிசெட்டோவை நாற்பத்தொன்றில் பிழிந்தது.
மாலையானால் பக்கத்து வீட்டார்
சிப்பி ஜன்னல்களை இழுத்துச் சாத்துவார்கள்,
அவர் இரவில் உருமாறுகிறார் என்று.
அவர் உருமாறியது பகலில்.
தூக்கத்தில்தான்
கைகால் எல்லாம் பழையபடி
அவரவர் இடத்துக்குத் திரும்பின.

மணிலாவில் டாக்டர் மாலிக்சி
(அந்தப் பெயருக்குச் சுறுசுறுப்பு என்று பொருள்,
அப்பாவுக்கு அதுவே பாதி நம்பிக்கை)
மருந்துக் கடை ரசீதின் பின்புறம் வரைந்து காட்டினார்:
இது ஒரு நீளமான எழுத்து. எக்ஸ்.
அதன் நடுவே
எப்போதோ வழிதவறி வந்து ஒட்டிக்கொண்ட ஒரு துண்டு.
துண்டுக்குள் ஆறே எழுத்து,
திக்குவாய்க்காரன் சொல்வதுபோல்
மறுபடி, மறுபடி, மறுபடி.
அதிகம் திக்கினால்
பெரும்பாலும் சீக்கிரம் வரும்.

பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. ஒன்று தடுமாறினால்
மற்றது தாங்கிப் பிடிக்கும், அநேகமாக.
ஆணுக்கு ஒன்றுதான்.
அப்பாவிடம் இருந்த அந்த ஒன்றை
எனக்குத் தந்துவிட்டார்.
தம்பி ரோமெலுக்குத் தந்தது வேறு எழுத்து,
அவன் தப்பினான்.
எனக்குப் பரிசோதனைகூட வேண்டாமாம்.
கணக்குப் போட்டாலே போதும்.

ஐந்தாம் மாதம் எனக்கு.
ரசீதை மடித்துப் பையில் வைத்தேன்.
அதில் வரையாமல் விட்ட கிளை
என் வயிற்றில் உதைத்தது.

மாத்திரைகள் பார்த்தாயிற்று.
தாடையில் ஊசி போட்டார்கள்,
மூன்று மாதம் சுமாராக மூடியது.
பிறகு மண்டையில் இரண்டு துளை,
மூளையின் ஆழத்தில்
பருப்பளவு இடத்துக்கு இரண்டு கம்பிகள்,
காலர் எலும்புக்குக் கீழே
தீப்பெட்டி மாதிரி ஒரு பெட்டி.
குணமாக்காது, டாக்டர் இரண்டு முறை சொன்னார்.
கூச்சல் போடுகிற இடத்தைக்
கொஞ்சம் அடங்கச் செய்யும், அவ்வளவுதான்.
செலவு?
வண்டியைத் தவிர எல்லாம்.

மூன்று வாரம் கழித்து
நர்ஸ் லுஸ்விமின்டா பலகையில் விரல் நகர்த்தினாள்.
ஒன்று. ஒன்றரை.
"நாக்கு தடிக்கிறதா?"
தடித்தது. குறைத்தாள்.
இன்னொரு எண். இன்னொன்று.
வெளியே யாரோ டிராலி தள்ளிப் போகும் சத்தம்.
பிறகு
"குச்சியை எடுங்கள்" என்றாள்.

எடுத்தார்.
நான் அவர் தாடையைப் பார்க்கவில்லை,
சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.
நான்கு வருடத்தில் அவர் பேசிய
முதல் முழு வாக்கியம்:
"உன் தம்பி செயினுக்கு எண்ணெய் போட்டானா?"

சொற்களின் ஓரம் இன்னும் கொஞ்சம் கசங்கியிருந்தது.
கழுத்து நேராக நிற்க
வெகுநேரம் யோசித்தது.
ஆனால் கேள்வி தெளிவாக இருந்தது.
போடவில்லை என்று எனக்குத் தெரியும்.
போட்டான் என்றேன்.

திரும்பும் வழியில் விமான நிலையத்தில்
சோதனை வாசலுக்குள் போகக் கூடாதென்று
அட்டையை நீட்டினார்,
தாசில்தார் மாதிரி.
அப்போதுதான் கேட்டார்,
எங்கோ பார்த்துக்கொண்டு:
"ஸ்கேன் எப்போது?"
வியாழக்கிழமை.
பையனா என்று சொல்வார்களா என்று கேட்கவில்லை.
நானும், பையனென்றால் பாதிக்குப் பாதி என்று சொல்லவில்லை.
ரசீது இரண்டு பேருக்கும் மனப்பாடம்.

"நான் ஓட்டிக்கொண்டு வருகிறேன்."
இன்னும் இரண்டு மாதம்
வண்டியைத் தொடக் கூடாதென்றாரே டாக்டர், என்றேன்.

சிரித்தார்.
விழ எதுவும் இல்லை.