பதினொரு விநாடி

ஏப்ரல், நெப்ராஸ்கா.
ரப்பர் பூட்ஸோடு கரையின் அடிக்கு இறங்குகிறாள்
லவான் குச்செரா.
கசிவுக் குழாயின் கீழ் ஒரு கேலன் வாளி.
நிறைய, பதினொரு விநாடி.
போன வருடம் பதினாறு.

புட்டியில் பிடித்து வெயிலில் தூக்குகிறாள்.
தெளிவாய்க் கசிந்தால் கசியட்டும்.
கலங்கினால்
உள்ளே மண் கிளம்பிவிட்டது.

மேலே
மிதிபடகு அன்னங்களுக்கு வெள்ளையடிக்கிறார்கள்.
குளிக்கும் துறைக்கு மணல் லாரி வந்திருக்கிறது.
அறுபத்திரண்டில் கட்டும்போது
கீழே சோளம் மட்டும்தான்;
இப்போது நாற்பது வீடு, ஒரு டிராம்போலின்.
அணை ஏறவுமில்லை இறங்கவுமில்லை,
தாளில் மட்டும்
'அபாயம்: அதிகம்' என்று ஆகிவிட்டது.

நீரெலி வளையில் முழங்கை வரை போகிறது கை.
துருவேறிய வடிகுழாயை
டார்ச் அடித்துப் பார்க்கிறாள், பாதி தூரம்.

சரிவில் ஒரு காட்டன்வுட்.
அடியில் பித்தளைத் தகடு:
டுவெய்ன் பெல்லாக், தூண்டில்காரன்.
வேர் தண்ணீருக்கு வழி சொல்லும்.
வெட்டினாலும்
அழுகிய வேர் வழியாகவே கிடக்கும்.
தோண்டித்தான் எடுக்க வேண்டும்,
தகட்டையும் சேர்த்து.

படிவத்தில் ஒரு கட்டம்: கரையின் நிலை.
என் மொழியில் கரை பெயர்ச்சொல்.
வினைச்சொல்லும் அதுவே.
லவானுக்கு இது தெரியாது.
பென்சிலை நக்கி
'சுமார்' என்று எழுதுகிறாள்.

மர நிழலில் மடக்கு நாற்காலி,
ஐரீன் பெல்லாக், தெர்மாஸ்.
"தண்ணி எப்படி?"
"தெளிவா இருக்கு."

மரத்தைப் பற்றி
நாளை தபாலில்.