விற்பவர்: இர்மெலி பு.

பிப்ரவரி. துறைமுகம் உறைந்து கிடந்தது.
காலை ஒன்பதரைக்கு என் வாசலில்
காலி டிரெய்லரை இழுத்துக்கொண்டு ஒரு கார் வந்து நின்றது.
இறங்கியவர் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்:
"படகு மோட்டாரை எடுக்க வந்தேன்."

என்னிடம் படகே கிடையாது.

நான் விற்பது பொத்தான்.
மான்கொம்பில் செதுக்கியது, பித்தளையில் வார்த்தது,
போருக்கு முன்பு யாரோ ஒரு தபால்காரரின்
கோட்டை மூடியிருந்தது.
பன்னிரண்டு வருடமாக ஏலத் தளத்தில்
இரண்டு யூரோவுக்கும் மூன்று யூரோவுக்கும்.
பஞ்சில் பொதிந்து, தபால்தலையை நேராக ஒட்டி அனுப்புவேன்.
வாங்கியவர்கள் நட்சத்திரம் போட்டார்கள்.
இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினான்கு.
சில்லறை நாணயத்தில் சேர்த்த நாணயம்.

அவர் கைபேசியை நீட்டினார்.
என் பெயர். என் ஊர், கொத்கா.
என் நட்சத்திரங்கள் அத்தனையும்.
அவற்றின் கீழே வெயிலில் காயும் ஒரு மோட்டார்:
இருபது குதிரைத் திறன், சிறு கீறல் மட்டும்,
ஆயிரத்துத் தொள்ளாயிரம் யூரோ.
படத்தில் எங்கும் பனி இல்லை.
ஓரத்தில் ஒரு பனை.

"மரத்தைப் பார்க்கவில்லையா?"
"பார்த்தேன்," என்றார் தைஸ்தோ கெம்பைனென்,
கயானியிலிருந்து இரவெல்லாம் ஓட்டி வந்தவர்.
"பிறகு நட்சத்திரங்களைப் பார்த்தேன்."

நான் எழுதியதாக ஏழு செய்திகள்.
மோட்டார் என் அண்ணனுடையதாம்.
போன கோடையில் தவறிவிட்டாராம்.
கொடுக்க மனமில்லை, ஆனாலும்
ஏரியை நேசிப்பவர் கைக்குப் போகட்டும் என்று.
எனக்கு அண்ணன் இல்லை.
ஒவ்வொன்றும் "அன்புடன், இர்மெலி" என்று முடிந்தது.
"பொட்டலம் இன்று கிளம்பியது."
அவ்வளவுதான் என் நடை, பன்னிரண்டு வருடமாக.
வெட்கத்தை விட்டுச் சொன்னால்
படிக்கப் படிக்க அந்த இர்மெலியை
எனக்கே பிடித்துப்போயிற்று.

காபி வைத்தேன். வேறென்ன செய்ய.
போலீசுக்குப் போன் போட்டோம்,
ஒலிபெருக்கியில் ஓடியது காத்திருப்பு இசை.
ஏலத் தளம், நீங்கள்தான் நீங்கள் என்று நிரூபியுங்கள் என்றது.
என் முதல் நாயின் பெயரைக் கேட்டது. சொன்னேன்.
தவறு என்றது.
பதினான்கு வருடம் என் காலடியில் படுத்திருந்த நாய்.
மூன்று முறை அதன் பெயரைத் தட்டினேன்.
மூன்றாவது முறை கூப்பிடுவது போலவே இருந்தது.

போலீசிடம் எல்லாம் சொன்னேன்.
அவர் காதுபட ஒன்றை மட்டும் சொல்லவில்லை.
இரண்டு வாரம் முன்பு, இரவு பதினோரு மணிக்கு,
ஒரு மின்னஞ்சல்: கணக்கு நாளை முடக்கப்படும்,
உறுதி செய்ய இங்கே அழுத்தவும்.
நீலமாய், வட்டமாய்,
நூல் கோக்கத் துளையில்லாத ஒரு பொத்தான்.
பொத்தானைப் பற்றி எனக்குத் தெரியாததில்லை
என்று இருந்தவள் நான்.
அழுத்தினேன்.
கடவுச்சொல்லை நானேதான்,
ஓர் எழுத்தும் பிசகாமல்,
மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு.

நூறு யூரோவை மடித்து நீட்டினேன்.
பெட்ரோலுக்காவது.
"நான் உங்களிடம் வாங்கவில்லையே," என்றார்.
எப்படிச் சொன்னார் என்று இன்றும் பிடிபடவில்லை.
அதற்குள் டிரெய்லரில் ஒரு சாண் பனி சேர்ந்திருந்தது.
தட்டிவிடாமல் அப்படியே ஏற்றிக்கொண்டு போனார்.

மார்ச் கடைசியில் கணக்கு திரும்பி வந்தது.
நாற்பத்தோரு சிவப்புக் குறிகள்.
திருடி. மோசக்காரி. கையிலே கட்டை முளைக்க.
நடுவில் கயானிக்காரர்:
"மோட்டார் இல்லை. வீடு இருக்கிறது.
காபி நன்றாகவே இருந்தது." ஒரே ஒரு நட்சத்திரம்.

நீக்கட்டுமா என்று தளம் கேட்டது.
நாற்பதை நீக்கச் சொன்னேன்.

பிறகு மான்கொம்புப் பொத்தான் ஒன்றை
ஜன்னலோரம் வைத்துப் படமெடுத்தேன்,
பின்னால் பனி தெரியும்படி.